தவக்காலத்து மீன்

லாஸ் கார்சாஸ், அபுரே
சாம்பல் புதனுக்கு முந்திய சனிக்கிழமை

அன்புள்ள தங்கை எவரிஸ்தாவுக்கு,

உன் மூத்த அண்ணன் நிக்கானோர் எழுதுகிறேன். நான் இங்கே இன்னும் விழாமல் நிற்கிறேன். மராக்காயில் நீயும் உன் மகள் வீட்டாரும் நன்றாக இருக்க மாதா துணை இருக்கட்டும். என் கையெழுத்தைப் பார்த்து உன் பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். உப்பு மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்து நீயும் நானும் கற்றுக்கொண்டது இது. எனக்கு இதுவரை குறை வைக்கவில்லை.

கோடை இந்த வருஷம் சீக்கிரம் வந்து உட்கார்ந்துவிட்டது. மழை ஐப்பசிக்கு முன்பே நின்று போனது. வெள்ளம் வடிந்த சமவெளி இப்போது ஓடு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. ஓடை செத்துவிட்டது. கிழக்கே இருந்த மூன்று குட்டைகளும் சேறாகி, சேறும் தூசியாகிவிட்டது. மாடுகள் எலும்பைத் துருத்திக்கொண்டு நடக்கின்றன. நீ கேட்டிருந்த வெள்ளைப் பசு போன வாரம் படுத்தது, எழவில்லை. மிச்சம் இருப்பது எல்லை மடு ஒன்றுதான்.

அந்த மடுவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்பா நிலத்தைப் பிரித்தபோது எல்லைக்கோடு அதன் நடுவே போனது உனக்குத் தெரியும். நிறைந்திருக்கும் காலத்தில் பாதி என் பக்கம், பாதி தம்பி குஸ்தோதியோ பக்கம். இப்போது தண்ணீர் சுருங்கி, முழுக்க என் பக்கத்தில் ஒதுங்கிவிட்டது. இதை நான் செய்யவில்லை. சூரியன் செய்தது. அந்தத் தண்ணீரில் சிகுயிரே மந்தை மொத்தமும் வந்து கிடக்கிறது. பன்றியளவு பெருத்த நீரெலி என்று உன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல். மற்ற குட்டைகளில் இருந்தவையும் நடந்து வந்து சேர்ந்துவிட்டன. பகல் முழுக்கத் தண்ணீருக்கு மேலே மூக்கு மூக்காகத் தெரிகிறது.

குஸ்தோதியோ போன வாரம் வந்தான். குதிரையிலிருந்து இறங்காமலே பேசினான். தவக்காலத்துக்கு வேட்டை போடப் போகிறானாம். ஆட்களைச் சொல்லிவிட்டானாம், உப்பு வந்துவிட்டதாம். என் கரையில் உனக்கு என்ன வேட்டை என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு? கரை அவனவனுக்கு, மீன் ரெண்டு பேருக்கும். நான் உன் கரைக்கா வந்தேன்? என் மீனுக்கு வந்தேன்."

சிகுயிரே எப்போதடா மீனானது என்றேன். தவக்காலத்தில் கறி விலக்காயிற்றே, இதைத் தின்னலாமா என்று எப்போதோ ஒரு சாமியார் எழுதிக் கேட்டு, ரோமாபுரியிலிருந்து மீன் என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்களே, அந்தக் கதையை எனக்கே சொன்னான். நான் விடவில்லை. மீனுக்கு மயிர் உண்டா? மீன் சாயங்காலம் கரையேறிப் புல் மேயுமா? குட்டி போட்டுப் பால் கொடுக்குமா, அதுவும் யார் குட்டி என்று பார்க்காமல் மந்தைக் குட்டி எல்லாவற்றுக்கும்? எலிக்கு இருப்பது போலத் தேயத் தேய வளரும் முன்பல் எந்த மீனுக்கு இருக்கிறது? ஆபத்தென்றால் நாய் மாதிரி குரைக்கிற மீனை நான் பார்த்ததில்லை என்றேன்.

அவன் சேணத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "கண்ணு, காது, மூக்கு மூணையும் மண்டை உச்சியில ஏன் வெச்சான் கடவுள்? தண்ணிக்குள்ள கெடந்து எட்டிப் பாக்கத்தானே? வெரலுக்கு நடுவுல தோலு எதுக்கு? அட, ஆணும் பொண்ணும் சேர்றதுகூடத் தண்ணியிலதான். உன் காளை அப்படிச் சேர்ந்து பாத்திருக்கியா? சரி, அது மீன் இல்லன்னா, அறுபது வருஷமா பெரிய வெள்ளிக்கிழமையில நீ தின்னது என்ன? கறியா? பாவம்ணே, உனக்கு நரகத்துல நல்ல அடுப்பா பாத்து வெச்சிருப்பானுங்க."

அவனோடு வந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போன தவக்காலத்தில் அவன் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். குதிரைகளை மந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே விட்டு வளைத்துக்கொண்டு, தடியால் அடித்தார்கள். அது நம் வழக்கம்தான். ஆனால் அப்பா காலத்தில் வயிறு பெருத்ததைத் தடி தொடாது. இவர்கள் அதையும் அடித்தார்கள். தோலை உரித்தபோது உள்ளே குட்டிகள் முழு மயிரோடு இருந்தன. இந்த வருஷம் அந்தக் குதிரைகள் மடுவில் இறங்கினால் தண்ணீரே சேறாகிவிடும். என் மாடுகளும் போகும், மந்தையும் போகும். மழை வரும்போது புல்லைத் தின்ன ஒரு வாயும் மிஞ்சாது.

ஆகவே மடுவைச் சுற்றி முள்கம்பி போடுகிறேன். என் கரையில்தான் போடுகிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அப்பாவின் உயிர் பிரிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் வெள்ளத்தில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தோம். கட்டிலண்டை நீதான் இருந்தாய். அவர் வாயிலிருந்து கேட்டவள் நீ ஒருத்தி. மீன் என்று அப்பா சொன்னபோது சிகுயிரேயையும் சேர்த்துச் சொன்னாரா, இல்லையா? இல்லை என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. உப்பு லாரிக்காரனிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

உன் மூட்டு வலிக்கு முதலை நெய் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைத்துத் தேய்.

உன் அண்ணன்,
நிக்கானோர்


லாஸ் கார்சாஸ்
தவக்காலத்து நான்காம் ஞாயிறு

எவரிஸ்தா,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்பதில் சந்தோஷம். மற்றதில் இல்லை.

அப்பா மீன் என்றுதான் சொன்னார், என்ன மீன் என்று நான் கேட்கவில்லை, அப்போது நான் சின்னப் பெண் என்று எழுதியிருக்கிறாய். சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாயே, இது என்ன மேஜைத் துணியா கிழித்துக்கொள்ள? இதே வரியை அவனுக்கும் எழுதியிருக்கிறாய். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.

சாமியார் வந்து போனார். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர், புழுதிக் காலோடு வந்து சேர்ந்தார். பூசை முடிந்ததும் நான் எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "பெரியவரே, தட்டுக்கு வந்த பெறகு அது மீனா கறியான்னு சொல்றதுதான் என் வேலை. குளத்துல கெடக்கற வரைக்கும் அது கடவுளோட பிராணி. அத அவர்கிட்டயே கேளுங்க" என்றார். குஸ்தோதியோ எழுந்து, "அப்ப தட்டுக்குக் கொண்டு வர்றதுதான் வழி சாமி" என்றான். கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்தார். அன்று மதியம் அவர் அவன் வீட்டில்தான் சாப்பிட்டார். போன வருஷத்து உப்புக்கண்டத்தை உதிர்த்துச் சமைத்துப் போட்டார்களாம்.

நான் இந்தத் தவக்காலத்தில் அதைத் தொடவில்லை. இனித் தொடவும் மாட்டேன். மரவள்ளி அப்பமும் கறுப்பு அவரையும் போதும். மீன் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை அதைத் தின்கிறவன் நான் இல்லை.

கம்பி போட்டு முடித்துவிட்டேன். இரண்டு வரிசை. ஒன்று சிகுயிரேயின் மார்பு உயரம், ஒன்று குதிரையின் மார்புக்குச் சற்றுத் தாழ. மேற்கே ஒரு வழி விட்டிருக்கிறேன். வெயில் சாய்ந்ததும் திறந்துவிடுகிறேன். மந்தை மேயப் போகும். திரும்பி வந்ததும் மூடிவிடுகிறேன். வழியண்டையே தொங்குபடுக்கை கட்டிக்கொண்டேன்.

மந்தை நன்றாக இல்லை. உனக்கு மறைக்க என்ன இருக்கிறது. வெவ்வேறு குட்டைகளிலிருந்து வந்த மந்தைகள் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு தலைக்கடா இருக்கிறதே, மூக்கின் மேல் கறுப்புப் புடைப்போடு, அவை ஒன்றையொன்று கடித்துக் கிழிக்கின்றன. தோற்றது ஓரத்தில் நிற்கும். மற்றவை அதைத் தண்ணீருக்கு விடுவதில்லை. வெயிலில் அதன் தோல் காய்ந்து வெடித்து, வெடிப்பில் புழு வைக்கிறது. சுற்றிலும் புல் வேர்வரை போய்விட்டது. முன்னெல்லாம் சிகுயிரே காலையில் தன் சாணத்தைத் தானே தின்று மறுபடி அரைக்கும், புல்லின் சாரம் வீணாகாமல். இப்போது அதற்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை. தாய்களுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் ஒவ்வொரு மடியாகப் போய் முட்டிப் பார்க்கின்றன. எல்லா மடியும் ஒன்றுதான். பருந்துகள் கம்பியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் கம்பி போட்டது அவற்றுக்குத்தான் வசதியாகிவிட்டது.

நெரிசலில் மாட்டு ஈ பெருகிவிட்டது. என் கோவேறு கழுதைக்கு இடுப்பு நோய் கண்டுவிட்டது. பின்னங்கால் குளம்பை மண்ணில் இழுத்துக்கொண்டு நடக்கிறது. அந்த நோய் சிகுயிரேயின் இரத்தத்தில் சும்மா கிடக்கும், ஈ கடித்துக் குதிரைக்குக் கொண்டுபோனால் குதிரை இடுப்பொடிந்து விழும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். ஈ எங்கிருந்தும் வரும்.

தம்பி பெண்டாட்டி பெனில்தே வந்தாள். குஸ்தோதியோவுக்குத் தெரியாமல் வந்தேன் என்றாள். ஒரு கிண்ணத்தில் வெல்லக் காப்பி கொண்டுவந்து கம்பிக்கு மேலே நீட்டினாள். "பெரியத்தான், எங்க மாடு அத்தனையும் போச்சு. இந்த உப்புக்கண்டம் வித்தாத்தான் மழை வரைக்கும் அடுப்பு எரியும். அவரு உங்ககிட்ட கேலி பேசுவாரு, வீட்டுக்கு வந்து பேசாம மொகத்த மூடிக்கிட்டுப் படுத்துக்குவாரு. உங்க தம்பிதானே? பாதி மந்தைய விடுங்க. எப்படியும் சாகப்போறது தானே அதுங்க?" என்றாள்.

காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உன் வீட்டுக்கு அரிசியும் அவரையும் நான் அனுப்புகிறேன், மடுவில் ஒரு குதிரையும் இறங்காது என்றேன். அவள் அழவில்லை. "பிச்சைய அனுப்புங்க, அதையும் அவரு கம்பிக்கு மேல திருப்பி எறிவாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்ன மாதிரியே நடந்தது. மூட்டை வெடித்து அவரை எல்லாம் மண்ணில் கொட்டியது. சிகுயிரே வந்து தின்றன.

எவரிஸ்தா, பாதி என்று எழுதாதே. நீ எழுதுகிற பாதி அவனுக்குத்தான் தைரியம் கொடுக்கிறது.

உன் அண்ணன்


லாஸ் கார்சாஸ்
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்

என் தங்கையே,

தந்தி உனக்கு வந்திருக்கும். குஸ்தோதியோ இறந்துவிட்டான். பெரிய புதன்கிழமை சாயங்காலம். மறுநாளே அடக்கம் செய்தோம். இந்த வெயிலில் காத்திருக்க முடியாது, நீ கோபித்துக்கொள்ளாதே.

தந்தியில் இருந்தது பெனில்தேயின் வாசகம். நடந்ததை நான் சொல்கிறேன். அங்கே இருந்தவன் நான்.

வெயில் சாய்ந்து வழியைத் திறந்து விட்டிருந்தேன். மந்தை வெளியே போய், ஓடைப் படுகையில் மிச்சமிருந்த கோரையை மேய்ந்துகொண்டிருந்தது. அவன் அதற்குத்தான் காத்திருந்தான். பனங்காட்டுப் பக்கமிருந்து நாலைந்து பேரோடு வந்தான். மந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே குதிரையை விடுவதுதானே வேட்டை. வந்த வேகத்திலேயே, "அண்ணே, தூண்டில் போட வந்திருக்கேன், தள்ளிக்க!" என்று கத்தினான். அவன் குரலில் கோபம் இல்லை. விளையாட்டாகத்தான் இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தலைக்கடா குரைத்தது. மந்தை மொத்தமும் தண்ணீரை நோக்கி ஓடி வந்தது. பயந்தால் அதற்கு வேறு திசை தெரியாது. தண்ணீருக்கு இருந்ததோ அந்த ஒரு வழிதான். அத்தனையும் அந்த வழிக்கே நெருக்கிக்கொண்டு வந்தன. குஸ்தோதியோ முந்திக்கொண்டு வழியை அடைக்கப் பார்த்தான். மந்தை முந்திவிட்டது. அவன் குதிரையைக் கம்பிக்கு மேலே தாண்ட விட்டான்.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அவன் ஏறியிருந்தது மஞ்சள் குதிரை. அதற்கு ஒரு வாரமாக இடுப்பு நோய். பின்குளம்பை இழுத்துக்கொண்டிருந்ததை அவன் ஆட்களே பார்த்திருக்கிறார்கள். வேறு குதிரை இல்லை என்று அதில் வந்தான். ஆரோக்கியமான குதிரைக்கு அந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. முன்னங்கால் ஏறியது. இடுப்பு ஏறவில்லை. பக்கவாட்டில் சரிந்து, அவனையும் சேர்த்துக் கம்பியின் மேல் விழுந்தது. குதிரை உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் கம்பி இறுகியது.

என் கையில் குறடு இருந்தது. ஓடிப்போய்க் கம்பியை வெட்டினேன். கழுத்தண்டையும் கையண்டையும் வெட்டினேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மந்தை எங்களைத் தாண்டித் தாண்டி ஓடித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. சில என் காலை மிதித்துக்கொண்டு போயின.

அவன் கண்ணைத் திறந்து, "அண்ணே, மீனெல்லாம் உள்ள போயிருச்சா?" என்று கேட்டான்.

போயிருச்சு என்றேன்.

அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

பெனில்தே கம்பி என்கிறாள். கம்பியே எல்லாம் செய்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். அடக்கத்துக்கு மறுநாள் ஆட்களை அனுப்பி முளைகளைப் பிடுங்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்க அங்கே என்ன இருக்கிறது? மடுவில் இப்போது தண்ணீர் இல்லை. கூழ்தான். முதலைகள் அதற்குள் புதைந்துகொண்டன. சிகுயிரே சேற்றில் பக்கத்தில் பக்கமாகப் படுத்திருக்கின்றன, எழுந்திருப்பதில்லை. கழுகு வந்து கண்ணிலிருந்து ஆரம்பிக்கும்போதும் சில உயிரோடுதான் இருக்கின்றன. யாரும் அவற்றை அடிக்க வரவில்லை. எலும்பும் தோலுமாக இருப்பதை உப்புப் போட்டு யார் தின்பார்கள்? தென்மேற்கில் இரண்டு நாளாக மேகம் நிற்கிறது. இறங்கவில்லை.

என் மாடுகளிலும் பாதிதான் மிச்சம். இதைப் புகாராகச் சொல்லவில்லை.

அவன் வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை நடக்கிறது. முதல் நாள் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க அவள் வீட்டில் ஒன்றும் இருக்காது என்று மரவள்ளி அப்பமும் காப்பித்தூளும் கொண்டுபோனேன். அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். "கம்பி கட்டின கை என் வீட்டுல ஜெபமாலையத் தொடக் கூடாது" என்றாள். சத்தம் போடவில்லை. உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் கொண்டுபோனதை வேலியண்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே சொன்னதற்கு வெளியிலிருந்து பதில் சொன்னேன். என் குரல் கேட்டிருக்கும். மறுபடி யாரும் நிறுத்தவில்லை. மறுநாளும் போனேன். நேற்றும் போனேன். அப்பம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எறும்பு மொய்த்துவிட்டது.

இன்றும் போவேன். என்னைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவன் என் தம்பி. அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன் நான்.

நான் செய்தது என் கரையில் செய்தது. அதைப் பற்றி என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மழை பெய்து, எங்கிருந்தாவது ஒரு சோடி நீந்தி வந்தால் இந்த மடுவில் அவற்றை யாரும் தொட விடமாட்டேன்.

அப்பா சொன்னதைப் பற்றி உன்னை நான் இனிக் கேட்க மாட்டேன். நீ வரவும் வேண்டாம். சாலை மோசம், உன் மூட்டு தாங்காது. பெனில்தேவுக்கு ஒரு கடிதம் எழுது. அவளுக்கு உன்மேல் மதிப்பு உண்டு, நீ சொன்னால் நம்புவாள். குதிரைதான், எவரிஸ்தா. இடுப்பு நோய் கண்ட குதிரை. அப்படி எழுது. ஆட்கள் பார்த்திருக்கிறார்கள் என்று எழுது. ஒன்பதாம் நாளுக்குள் அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். உப்பு லாரியை நம்பாதே, யாராவது ஆளிடம் கொடுத்து அனுப்பு.

மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் தண்ணீர் குறையாமல் வைத்திருக்கட்டும்.

அவளுக்கு எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு தாள் எடுத்து எழுது. அதிகம் வேண்டாம். அவளுக்கு எழுதிய அந்த ஒரு வரியையே எனக்கும் எழுது.

உன் அண்ணன்,
நிக்கானோர்